ரிஜெக்ட் வாங்கிய ரயில் இன்ஜின்

கடவுளே நேரில் வந்து நின்றாலும், "டிராயிங் எங்கே?" என்று கேட்டு, சிவப்புச் சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்பக்கூடிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் என் பக்கத்து வீட்டில் குடியிருந்தது என் தலையெழுத்து.

ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனி. வெளியிலிருந்து வரும் சரக்கை அளந்து பார்ப்பது அவர் வேலை. எனக்கு அங்கேயே ஸ்டோர்ஸில் வேலை. நான் இறக்கி வைப்பதையெல்லாம் அவர் தள்ளி வைப்பார். அப்பா அம்மா வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் 'ரிஜெக்ட்'. சட்டைப் பையில் எப்போதும் வெர்னியர் அளவுகோல். கேன்டீன் இட்லியை அதில் அளந்து, "சைஸ் வேரியேஷன்" என்று தட்டைத் திருப்பியவர். சிங்கப்பெருமாள் கோவிலில் ஷேர் ஆட்டோவின் டயர் தேய்ந்திருக்கிறது என்று ஏற மறுத்து, ஒரகடம் வரை நடந்தே வந்து, பாதி ஷிப்ட் முடிந்தபின் கார்டு தேய்த்தவர்.

இந்த மகானுக்கு ஸ்டெல்லா அக்கா வாழ்க்கைப்பட்டதுதான் கொடுமை. ஒரு நாள் இவர் ஓ.டி. பார்த்துக்கொண்டிருந்தபோது, அக்கா கொத்தனாரை வைத்துக் கொல்லையில் துணி துவைக்க ஒரு மேடை கட்டினார். ரிஜெக்ட் வந்தார், ரசமட்டம் வைத்துப் பார்த்தார், "ஒரு பக்கம் சாய்வு" என்றார். மறுநாளே கடப்பாரையால் இடித்துவிட்டார்.

"யோவ், சாய்வா இருந்தாதான்யா தண்ணி வடியும்!" என்று அக்கா கத்தியது மூன்று தெருவுக்குக் கேட்டது. ரிஜெக்ட் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றார். அக்கா பையைத் தூக்கிக்கொண்டு மணிமங்கலத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். போகும்போது என் வாசலில் நின்றார்.

"தம்பி, 'தப்பு என்னுது'ன்னு அந்த ஆளு வாயத் தொறந்து சொல்லட்டும். அன்னிக்கே வூட்டுக்கு வரேன். இல்லாங்காட்டி இல்ல."

மூச்சு விடுகிற நேரத்தில் சொல்லிவிடலாம். சொன்னாரா? அதற்குப் பதில் ஒரு நீராவி இன்ஜின் வாங்கினார்.

அக்காவுக்கு செல்போனில் ஒரு வீடியோ பிடிக்கும். யாரோ வெளிநாட்டுக்காரர் தோட்டத்தில், பூனை உயரத்துக்கு ஒரு நீராவி ரயில் செடிகளுக்கு நடுவே புகைவிட்டுக்கொண்டு ஓடும். நம் வீட்டிலும் ஒன்று ஓடினால் எப்படி இருக்கும் என்று எப்போதோ சொல்லியிருந்தாராம். ரயில் ஓடினால் அக்கா வந்துவிடுவார், மன்னிப்புக் கேட்கிற தொல்லை இல்லை. என்ன மூளை பாருங்கள்!

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பழைய சாமான் கடை. நாடு திரும்பும் வெளிநாட்டு இன்ஜினியர்கள் விட்டுப்போவதெல்லாம் அங்கேதான் வந்து சேரும். மூலையில் ஒரு மரப்பெட்டி. மேலே பெயரில்லை, உள்ளே படமில்லை. நானும் கூடப் போயிருந்தேன்.

"காப்பி மெஷின் சார். அத்தினியும் பித்தள. எடுத்துக்கினு போ," என்றார் கடைக்காரர்.

"காபி மெஷினுக்கு எதுக்குய்யா சக்கரம்?"

"தள்ளிக்கினு போறதுக்குதான்!"

ரிஜெக்ட் தரையில் உட்கார்ந்து கடை பரப்பினார். ஒரு பாய்லர், இரண்டு சிலிண்டர், சின்னச் சக்கரம் இரண்டு, பெரிய சக்கரம் ஆறு. ஓர் அச்சில் சக்கரங்களுக்கு நடுவே வெர்னியரை வைத்தார். "நாப்பத்தஞ்சு மில்லி தண்டவாளத்துக்குச் செஞ்சது. தோட்டத்துல ஓடுற ரயில் இன்ஜின்தான் இது," என்றார். எனக்கே அவர்மேல் லேசாக மரியாதை வந்தது. வீடு வந்து சேர்வதற்குள் போய்விட்டது.

பெரிய சக்கரம் ஆறில், நடுவில் பூட்ட வேண்டிய இரண்டுக்கு விளிம்பு இல்லை. தண்டவாளத்தைப் பிடித்துக்கொள்ளும் விளிம்பு மற்ற நான்குக்கும் இருந்தது. இவை மட்டும் மொழுக்கென்று இருந்தன. தோட்ட ரயில்காரர்களின் இணையக் குழு ஒன்றுக்குப் படம் அனுப்பினார். எந்த இன்ஜின் என்று ஒரு வெள்ளைக்காரர் உடனே சொல்லிவிட்டார். நடுச் சக்கரம் மொழுக்கென்று இருப்பதுதான் அதற்கு அடையாளம், அப்படியே பூட்டுங்கள் என்றும் எழுதியிருந்தார். பாவம், அவருக்கு இவர் எட்டுப் பக்கத்தில் குறை அறிக்கை அனுப்பினார்.

"செஞ்சவனுக்குத் தெரியாதா சார்?" என்று கேட்டேன்.

"செஞ்சவனுக்கே தெரிஞ்சா அப்புறம் இன்ஸ்பெக்‌ஷன் எதுக்கு?"

மண்ணூர் லேத் பட்டறையில் விளிம்பு வைத்து இரண்டு சக்கரம் கடைந்து வாங்கிவந்தார். பழையவற்றுக்குச் சிவப்புச் சீட்டு ஒட்டியாயிற்று. மூன்று மாதம் உட்கார்ந்து இன்ஜினைப் பூட்டினார். கொல்லையில் நார்த்தை மரத்தைச் சுற்றி நீள்வட்டமாகத் தண்டவாளம் போட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னைத் தூது அனுப்பி அக்காவை வரவழைத்தார்.

அக்கா வந்தார், தோளிலிருந்து பையை இறக்கவில்லை. ரிஜெக்ட் ஸ்பிரிட் விளக்கை ஏற்றினார். தண்ணீர் கொதித்ததும் இன்ஜின் புஸ்ஸென்று கிளம்பியது. நேராக இருந்தவரை நன்றாகத்தான் போயிற்று. வளைவு வந்ததும் தடம் புரண்டு சேற்றில் சாய்ந்தது. ஐந்து தடவை விட்டார், ஐந்து தடவையும் அங்கேயே சாய்ந்தது. தண்டவாளம் சரியில்லை என்றார், ஸ்பிரிட் சரியில்லை என்றார், கடைசியில் நார்த்தை மரமே இடம் மாறி முளைத்திருக்கிறது என்றார்.

இன்ஜின் ஆறியதும் அக்கா குனிந்து, அதை வளைவில் மெல்லத் தள்ளிப் பார்த்தார்.

"முன்னாடி சக்கரமும் பின்னாடி சக்கரமும் வளைவைப் புடிச்சிக்கினு போவுது. நடுவுல கீறது திரும்ப முடியாம மேல ஏறுது. அதுக்கு எதுக்குய்யா விளிம்பு?"

நான் சிவப்புச் சீட்டு ஒட்டிய பழைய சக்கரப் பொட்டலத்தை எடுத்து நீட்டினேன். அக்கா பிரித்துப் பார்த்தார்.

"வோணும்னுதான்யா விளிம்பு வெக்காம வுட்டுகீறான்! அன்னிக்கு மேடை, இன்னிக்கு இது."

ரிஜெக்ட் பழைய சக்கரங்களைப் பூட்டி, மறுபடி தீ மூட்டினார். இன்ஜின் வளைவில் அலுங்காமல் திரும்பி, மரத்தைச் சுற்றி வந்தது. இனி என்ன, ஜெயித்தாயிற்று என்கிற தோரணையில் அக்காவைப் பார்த்தார்.

"ரயிலு சூப்பரா கீது. நான் கெளம்பறேன்," என்றார் அக்கா.

ரிஜெக்டின் முகம் வெளுத்துவிட்டது. அக்கா படலைத் திறந்து, ஒரு காலை வெளியே வைத்துவிட்டார்.

"ஸ்டெல்லா... தப்பு என்னுது."

"இன்னா? ரயிலு சத்தத்துல காதுல வுழல."

"தப்பு என்னுது, ஸ்டெல்லா."

"எதிர் வூட்டுக்குக் கேக்கட்டும்."

"மேடையும் என் தப்பு! சக்கரமும் என் தப்பு! போவாத!"

தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. மூன்றாவது தடவை அவர் குரல் உடைந்தது. அக்கா பையை இறக்கி வைத்துவிட்டு, சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். இத்தனை வருஷமாக அந்த மனிதரைத் திட்டாமல் எனக்குச் சோறு இறங்கியதில்லை. அன்று, கையெல்லாம் கரியோடு கண்ணைத் துடைக்கவும் முடியாமல் அவர் நின்றபோது, எனக்கு அவரை ரொம்பவும் பிடித்துப்போயிற்று.