துவைக்காத கால்சராய்

நகரி, 1960 சித்திரை

சிரஞ்சீவி மச்சான் வேதாச்சலத்துக்கு, உன் அக்காள் புருஷன் தணிகாசலம் ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. நான், இந்திராணி, பெண் சுலோசனா மூவரும் சுகம். கப்பல் வேலையில் நீயும் சுகமாயிருக்க வேண்டுகிறோம். நீ அனுப்பிய நீலக் கால்சராய்க்குத்தான் ஆபத்து வந்திருக்கிறது.

ஜீன்ஸ் என்கிற அந்தத் துணி உடம்பைப் படித்துக்கொள்ளும்வரை, ஒரு வருஷமாவது, தண்ணீரைக் கண்ணில் காட்டாதே என்று எழுதியிருந்தாய். காட்டவில்லை. பகலெல்லாம் வேட்டியோடு தறியில் உட்கார்ந்துவிட்டு, சாயங்காலம் அதைப் போட்டுக்கொண்டு மலை தெரியும் பக்கமாக நடக்கிறேன். சூளூர்பேட்டையைத் தாண்டி எங்கும் போகாதவன் நான். அதைப் போட்டதும் காலுக்கடியில் கப்பல் பலகை லேசாக ஆடுகிறது. என் முட்டி மடிப்பு, என் நடை எல்லாம் அதில் பதிந்துவிட்டது. இத்தனை மாதம் துவைக்காமலும் வியர்வை வாடையே கிடையாது, அது அமெரிக்கத் துணியின் மகிமை. கழற்றி மூலையில் வைத்தால் விழாமல் தானே நிற்கிறது, முட்டி கொஞ்சம் மடங்கி, எங்கேயோ புறப்பட்ட மாதிரி. அதைப் பார்த்தபடியே தூங்கிப்போகிறேன். கனவில் கடல் வருகிறது.

போன மாதம் திருத்தணியிலிருந்து ஆதிநாராயணன் என்பவர் தன் பிள்ளைக்கு நம் சுலோசனாவைப் பெண் கேட்டு வந்தார். எல்லை பிரித்ததில் அவர்கள் சென்னை ராஜ்யம், நாம் ஆந்திரா என்று ஆகிவிட்டதால் ஏற்கெனவே அவருக்கு அரை மனசு. நான் கால்சராயோடு உட்கார்ந்திருந்த ஜமுக்காளத்தில் மரியாதைக்காக அவரை உட்காரவைத்து நான் எழுந்துகொண்டேன். காபி குடித்துவிட்டு அவர் எழுந்தபோது வெள்ளை வேட்டியின் பின்புறம் நீலமாக இருந்தது. போனவரிடமிருந்து பிறகு தகவலே இல்லை. சுலோசனா சரியாகச் சாப்பிடவில்லை, எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே பயமாயிருந்தது. உன் அக்காள் நேரே சாமி படத்துக்கு முன் போய் நின்று, "இந்த எடம் தகைஞ்சா இவர அந்தக் கால்சராயோட திருமலைக் கோனேரியில முழுக வெக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டாள். மறு வாரமே சம்மதம் வந்துவிட்டது.

சாமியை ஏமாற்றினால் பெண்ணின் வாழ்க்கை என்னாவது? தண்ணீரில் இறங்கினால் என் கடல் போய்விடும். ஆகையால் கேட்கிறேன், சோப்புப் போடாமல், கல்லில் அடிக்காமல், வெறும் முழுக்குப் போட்டால் அது துவைத்ததாகுமா? உடனே தந்தி அடி.

உன்னைப் பத்திரமாகக் கரைசேர்ப்பது ஏழுமலையான் பொறுப்பு.

இப்படிக்கு,
தணிகாசலம்

பின்குறிப்பு: இதை உன் அக்காளுக்குப் படித்துக் காட்டினேன். அவள் சிரித்து ஓய நேரம் பிடித்தது. வெள்ளிக்கிழமைதோறும் நான் தறியில் இருக்கும்போது அவள் அதைத் துவைத்துக் காயவைத்து, தறியில் பாவு நூலுக்குப் போடுகிற கஞ்சியை ஏற்றி மூலையில் நிறுத்திவிடுகிறாளாம். "நெசவுக்காரங்க வூட்ல சாயத்துணிய நனைக்காம வெச்சிக்கினு இருப்பாங்களா? எத்தினி தபா நனைச்சாலும் அதும் சாயம் தீரல. உங்க முட்டி மடிப்ப மட்டும் கலையாம பாத்துக்கினேன்" என்றாள். அப்படியானால் கோனேரி வேண்டுதல் எதற்கு என்று கேட்டேன். கால்சராய் நிற்கும் மூலையைப் பார்த்தாள்.

"அது மட்டுமா பொறப்பட்டு நிக்குது? எனக்கும் எங்கனா போவணும்னு இருக்காதா?" என்றாள்.

தந்தி வேண்டாம். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் புறப்படுகிறோம். உன் அக்காளுக்குத்தான் ஜன்னலோரம்.