பெடல் படகும் பாதியில் நின்ற பாடமும்

அன்பும் அறிவும் நிரம்பி வழியும் மைத்துனருக்கு,

உங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. இருவரும் உயிரோடு இருக்கிறோம். அதற்கு மேல் நலம் என்று எழுதக் கை வரவில்லை. நேற்று ஏரியிலிருந்து திரும்பியது முதல் உங்கள் அக்கா என்னோடு பேசவில்லை. எல்லாம் உங்களால்தான்.

போன தடவை வந்தபோது, சாப்பாட்டு மேசையில் தாம்பாளம் நிறையத் தண்ணீர் வைத்து, ஃபேனைத் திருப்பி விட்டு, உங்கள் ஆய்வுக்கூட வித்தையைக் காட்டினீர்களே! “முதல்ல சின்னச் சுருக்கம்தான் அத்தான். காத்துக்கு அதுதான் பிடி. பின்பக்கம் அழுத்தித் தள்ளும், முன்பக்கம் அழுத்தம் குறையும், அலை வளரும். வளர வளரப் பிடியும் பெருசாகும்” என்றீர்கள். அதற்குள் தண்ணீர் தரையெல்லாம் சிந்த, துடைக்கத் துணி எடுத்து வரச்சொல்லி அக்கா என்னை விரட்டிவிட்டாள். பாக்கிப் பாடம் போச்சு.

நேற்று கரையில் நின்றால் காற்று முதுகில் அடிக்கிறது, எதிரே தண்ணீரில் ஒரு சுருக்கம் இல்லை. சுருக்கம் இல்லை, பிடி இல்லை, பயம் எதற்கு என்று பெடல் படகில் ஏறினோம். “சார், காத்து கரையிலேர்ந்து அடிக்குது, தூரம் போகாதீங்க!” என்று படகுக்காரர் கத்தினார். “என் மச்சினர் அலை விஞ்ஞானிய்யா!” என்று நானும் கத்தினேன். கொஞ்சம் போனதும் சுருக்கம், இன்னும் போனதும் அலை, நடு ஏரியில் அலை படகுக்குள்ளேயே ஏறி உட்கார்ந்துவிட்டது. காற்று தண்ணீர்மேல் ஓடும் தூரம் கூடக் கூட அலை வளரும் என்று முதலிலேயே சொல்ல வேண்டாமா? திருப்பினால் படகு சாய்கிறது. உங்கள் அக்காவுக்கு நீச்சல் தெரியாது. இவளை விட்டுவிட்டு எந்த முகத்தோடு வீட்டுக் கதவைத் திறப்பேன்? நான் ஏதோ உளறப்போக, “வாயை மூடுங்க!” என்றாள். அதோடு சரி, இன்றுவரை பேச்சில்லை. நான் எதிர்காற்றில் முழங்கால் கழன்றுவிடும்படி மிதித்து அவளைக் கரை சேர்த்தேன் ஐயா!

ஆகவே உடனே புறப்பட்டு வந்து, குற்றம் காற்றினுடையதே என்று உங்கள் அக்காவிடம் எடுத்துச் சொல்லவும். நீங்கள் நீடூழி வாழ்க. உங்கள் அலைகள் ஆய்வுக்கூடத் தொட்டியைத் தாண்டாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
நனைந்துபோன அத்தான்

பி.கு.: உறை ஒட்டுமுன் உங்கள் அக்கா பிடுங்கிப் படித்துவிட்டாள். “நீங்க எங்க மிதிச்சீங்க? காலைத் தூக்கி சீட்டுமேல வச்சுக்கிட்டு என் கையை விடாம பிடிச்சுட்டிருந்தீங்க. மிதிச்சது நான்!” என்கிறாள். உண்மைதான். நீங்கள் வர வேண்டாம், அவள் பேசிவிட்டாள்.