நாலு மணி பஸ்ஸில் போன பேச்சு

மாலை ஐந்தரை ஆகியும் கல்லூரி ஆண்டு விழா மேடையில் நடு நாற்காலி காலியாகவே இருந்தது. ஆனால் அதில் உட்கார வேண்டியவர் ஆற்றிய அரிய சொற்பொழிவு நாலு மணி பஸ்ஸிலேயே மதுரைக்குப் போய்விட்டது.

அனுப்பியவன் நல்லுசாமி. கன்னிவாடிக்காரன். திண்டுக்கல்லில் அந்தச் சின்னக் கல்லூரியில் பத்திரிகைத் தொழில் படிக்கும் நாலு பேரில் ஒருவன். ஒரு செய்தியாவது அச்சில் வந்தால்தான் சர்டிபிகேட். மற்ற மூவருக்கும் தீ விபத்து, திருட்டு, இரட்டைத் தலைக் கன்றுக்குட்டி என்று ஆளுக்கொன்று அகப்பட்டது. இவன் போன இடத்தில் மட்டும் எல்லாரும் யோக்கியமாக நடந்துகொண்டார்கள். நாளையோடு கெடு முடிகிறது.

"பேப்பர்ல உன் சேதி வரலேன்னா பொட்டியக் கட்டிக்கிட்டு வந்துரு. இங்க மாட்டப் பூட்டிக் கிணத்துல கமலை இறைக்க ஆளில்ல" என்று அப்பா தீர்மானமாகச் சொல்லியிருந்தார்.

விழா ஐந்து மணிக்கு. மதுரைப் பத்திரிகைக்குச் செய்தி உறையைக் கொண்டுபோகும் கண்டக்டரோ நாலு மணிக்கே விசில் அடித்துவிடுவார். 'கண்ணால் காணாததை எழுதுகிறவனுக்கு என் வகுப்பில் இடமில்லை' என்பது ஆசிரியர் அப்துல் லத்தீபின் சட்டம். பேப்பர் ஏஜெண்டு நைனா முகமதுவின் சட்டம் வேறு.

"பாத்துத்தான் எழுதுவேன்னா பஸ்ஸை எப்ப அப்பு பிடிக்கிறது? நெய்க்காரப்பட்டிப் பண்ணையார் பொன்னுத்துரை பேச்சுதான? ஏழு வருசமா ஒரே பேச்சு. எனக்கே மனப்பாடம்!"

நல்லுசாமி எழுதினான். மாணவர்களே நாட்டின் தூண்கள் என்று பண்ணையார் முழங்கினார். கரவொலி விண்ணைப் பிளந்தது. இரவு ஒன்பது வரை பேசி, ஆசிரியர்களோடு விருந்துண்டு, பத்து மணிக்கு விடைபெற்றார். கை ஓடிய ஓட்டத்தில் விருந்துக்குப் பாயசமும் வைத்துவிட்டான். உறை எந்தப் பஸ்ஸில் வந்தது என்று மதுரை ஆபீசில் யாரும் கேட்பதில்லை.

ஆறு மணிக்கு லத்தீப், "விருந்தினர் வரவில்லை. நானே ரெண்டு வார்த்தை பேசுறேன்" என்று எழுந்தார். நல்லுசாமி கூட்டத்திலிருந்து நழுவினான்.

தந்தி ஆபீசுக்கு ஓடினான். விருந்தினர் வரவில்லை, செய்தியைப் போட வேண்டாம் என்று தந்தி கொடுத்தான். அடுத்தவன் செய்தியைக் கெடுக்கப் போட்டிப் பத்திரிகைக்காரர்கள் இப்படித் தந்தி அடிப்பது அந்தக் காலத்து வழக்கம். தந்தியைப் பார்த்ததும், இதுவும் அந்த வேலைதான் என்று மதுரை ஆபீஸ்காரர்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. மூலையில் நாலு வரியாகப் போயிருக்க வேண்டியதைப் பக்கத்தின் தலையில் தூக்கி வைத்து, பண்ணையாரின் பழைய படத்தையும் சேர்த்து அச்சடித்தார்கள்.

விடிந்ததும் நைனா முகமதுவின் கடையில் அதைப் பார்த்த நல்லுசாமிக்கு உலகமே இருண்டது. லத்தீப் கண்ணில் பட்டால் தொலைந்தோம்!

"பாய், இருக்கிற பேப்பர் அம்புட்டையும் கொடுங்க."

"அம்புட்டுமா? அப்படி என்னலே போட்டிருக்கு?"

சாப்பாட்டுக்கு வைத்திருந்த காசு அத்தனையும் போயிற்று. பேப்பர்க் கட்டைச் சுமந்துகொண்டு திரும்பினால், நைனா முகமது உற்சாகமாகப் பஸ் ஸ்டாண்டிலிருந்து இன்னொரு கட்டை வரவழைத்துவிட்டார்.

"காலையிலேயே வித்துத் தீந்த பேப்பர்! அப்புறம் கெடைக்காது!" என்று கூவியும் விற்றார். எட்டு மணிக்குள் பாதி ஊர் படித்துவிட்டது. பத்து மணிக்கு லத்தீப் கூப்பிட்டனுப்பினார்.

மேஜைமேல் பேப்பர் விரிந்து கிடந்தது.

"பண்ணையார் ஒன்பது மணி வரை பேசினாராப்பா?"

"இல்லைங்கய்யா."

"என்னோட உக்காந்து பாயசம் சாப்பிட்டாரா?"

கமலை மாடுகள் இரண்டும் நல்லுசாமியின் கண்முன் வந்து நின்றன. ஒரு வருஷப் படிப்பு, அம்மா விற்றுக் கொடுத்த கம்மல், எல்லாம் வீண்.

"உன் அப்பாவுக்கு நானே கடிதம் எழுதுறேன்" என்று லத்தீப் பேனாவைத் திறந்தார்.

அப்போது வாசலில் ஒரு கார் வந்து நின்றது. பண்ணையார் கார். நல்லுசாமி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். போலீசா, மானநஷ்ட வழக்கா?

இறங்கி வந்தவர் டிரைவர் மூக்கையா மட்டும்தான். கையில் பழனிப் பஞ்சாமிர்த டப்பா இருந்தது.

"ஏனுங்க, இந்தச் சேதி எழுதுன தம்பி யாருங்க?"

லத்தீப் பேனாவாலேயே காட்டினார். மூக்கையா டப்பாவை நல்லுசாமியின் கையில் வைத்து, குரலைத் தாழ்த்தினார்.

"இந்தப் பேப்பரப் பாத்த பொறகுதானுங்க எங்க பண்ணையாரம்மா, ராத்திரி எங்கயோ போயிட்டு வந்து திண்ணையில கெடந்த அய்யாவ வீட்டுக்குள்ளயே விட்டாங்க. அடுத்த மாசம் பத்தாந்தேதியும் அய்யா இங்க வந்து பேசுனதா, படத்தோட எழுதிப்போடோணுமாமுங்க."