நாற்காலிக்கு நாற்பத்தெட்டு நாள்

கேமரன் மலையில் அந்த வாரம் ஸ்ட்ராபெரி தோட்டங்களுக்குக்கூட அவ்வளவு கூட்டம் இல்லை. எல்லாக் கூட்டமும் தேயிலைத் தோட்டத்துக் கீழ் டிவிஷன் மாரியம்மன் கோயில் வாசலில்தான். அம்மனைப் பார்க்க வந்த கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். அம்மன் பாவம், உள்ளே தனியாக உட்கார்ந்திருந்தாள். ஜனங்கள் வந்தது ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கும்பிட.

சிவப்பு நாற்காலி. கல்யாணத்துக்கு வாடகைக்கு வருமே, அதே ரகம். அதற்குச் சாமந்தி மாலை, இரண்டு கையிலும் சந்தனம், முதுகில் குங்குமம், தலைக்கு மேலே வண்ணக் குடை. பக்கத்தில் காவி வேட்டி கட்டி, குளிருக்கு மேலே கறுப்பு ஜாக்கெட் மாட்டிய ராஜயோகச் சித்தர். பனி மலையில் தவம் செய்த பரம்பரையாம். பதினெட்டு டிகிரிக்கே பல் தந்தியடித்தது.

இது சாதாரண நாற்காலி இல்லை. மாநிலத் தலைநகர் குவாந்தானில் புது மந்திரி பெசார், அதாவது மாநில முதல்வர், உட்கார்ந்திருக்கிறாரே, அந்த நாற்காலிக்கு இது சூட்சும உடன்பிறப்பு. இங்கே சந்தனம் பூசினால் அங்கே அவருக்கு மனம் குளிரும். இங்கே வேப்பிலை வீசினால் அங்கே கையெழுத்துப் போடும் கை நம் பக்கம் திரும்பும். மாநிலத்தை ஆளச் செயலகம், செயலாளர், கோப்பு, குமாஸ்தா என்று எத்தனை தண்டச் செலவு! டிவிஷனுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொடுத்தால் முடிந்தது வேலை.

சித்தருக்கு இந்த மவுசு வந்தது தேர்தலால். அதற்கு முன்பு அவர் ஈப்போ பக்கம் நாலு நம்பர் லாட்டரிக்கு எண் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் வேறு வேறு நம்பர் சொல்லுவார். யாருக்கோ ஒருவனுக்கு அடிக்கும். அடித்தவன் மாலை போடுவான், அடிக்காதவன் தன் ராசியைத் திட்டிக்கொள்வான். இந்தத் தொழில் ரகசியத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாநிலத் தேர்தலில் மந்திரி பெசார் பதவிக்கு மூன்று பேர் மோதினார்கள். பழையவர் டத்தோ கமாருல். எதிர்த்தவர் டத்தோ பஹாரோம். யாரும் கணக்கில் எடுக்காதவர் டத்தோ லொக்மான். ஓட்டுக்கு ஒரு வாரம் முன்பே சித்தர் ஒரு தேயிலை டின்னுக்குள் பெயரை எழுதிப் போட்டு, சிவப்புத் துணி சுற்றி, கீழ் டிவிஷன் கோயில் உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டார். முடிவு இழுபறியாகி, ஐந்து நாள் பேரம் நடந்து, கடைசியில் லொக்மான் பதவியேற்றார். அன்று சாயங்காலமே சித்தர் டின்னைப் பிரித்தார், பேஸ்புக்கில் நேரலையோடு. உள்ளே என்ன பெயர்? லொக்மான்! அடுத்த நாளே நாற்காலி வந்து இறங்கியது.

தேயிலைக் கொழுந்து லோரி ஓட்டும் புவனேஸ் என்ற பெண்ணுக்கு இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது, சொந்த வீட்டுக்குள் வரும்வரை. புது ஆட்சி வந்த வேகத்தில் ஒரு அறிவிப்பு விட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் தோட்டத்தில் உழைத்தவர்கள் வீட்டு மனைக்கு மனுப் போடலாம். சேவைக் கடிதத்தின் அசலோடு, தானா ராத்தா நில அலுவலகத்தில், வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குள். அவள் மாமனார் முருகையாவுக்கு முப்பத்தெட்டு வருஷச் சேவை. டிசம்பரில் ஓய்வு. ஓய்வு பெற்றால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். காண்டிராக்ட் டிரைவரான புவனேசுக்கு வீடு கிடையாது. அவள் கணவனோ சிங்கப்பூரில் ஒரு அறையில் ஆறு பேரோடு படுத்திருக்கிறான். இந்த மனை கிடைக்கவில்லை என்றால் ஜனவரி முதல் தேதி சட்டி பானையோடு ரோட்டில்தான் நிற்க வேண்டும்.

அந்த அசல் கடிதம், மனுப் பாரம், எல்லாம் இப்போது எங்கே? நாற்காலிக்கு அடியில். ஒரு தகரப் பெட்டிக்குள், இன்னும் எழுபது பேருடைய காகிதங்களோடு, பத்து நாளாகப் பூஜையில் இருக்கின்றன. பழைய ஆட்சியின் சூடு நாற்காலியில் இன்னும் ஆறவில்லையாம். நாற்பத்தெட்டு நாள் ஆறவிட்டுத்தான் மனுக் கொடுக்க வேண்டுமாம். செவ்வாய், வெள்ளி ஒவ்வொரு பாரத்துக்கும் ஒரு விளக்கு. விளக்குக்குக் காணிக்கை தனி. கடைசித் தேதி போய்விடுமே என்று ஒருத்தர் கேட்டதற்கு, ஆட்சி மாறும்போது தேதிகள் தானாகத் தள்ளிப்போகும் என்று சித்தர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். கண்ணைத் திறந்துகொண்டு சொல்ல அவருக்கே வெட்கமாக இருந்திருக்கும்.

புவனேஸ் மாமனாரிடம் கெஞ்சிப் பார்த்தாள், சண்டையும் போட்டாள். கிழவர் அசையவில்லை. அவ்வளவு சரியாகப் பெயரைச் சொன்னவர் தப்பாகவா சொல்வார் என்றார். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. முப்பத்தெட்டு வருஷம் மழையிலும் அட்டைக்கடியிலும் நின்ற மனுஷன், ஒரு டின்னை நம்பி எல்லாவற்றையும் தோற்கப்போகிறாரே!

வியாழக்கிழமை மேல் டிவிஷனில் கொழுந்து மூட்டை ஏற்றும்போதுதான் அவள் கண் அங்கிருந்த முனியாண்டி கோயில் உத்தரத்தில் நின்றது. சிவப்புத் துணி சுற்றிய ஒரு டின். தேர்தலுக்கு முன்பிருந்தே அது அங்கே தொங்குகிறது. ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்திருந்தாள். அடுத்து பேக்டரி லயத்துக் காளியம்மன் கோயிலில் போய்ப் பார்த்தாள். அங்கேயும் ஒன்று. கீழ் டிவிஷனிலோ, டின் கட்டியது உங்கள் கோயில் ஒன்றில் மட்டும்தான் என்று சித்தர் தினமும் மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரே தோட்டத்தில் மூன்று டின் தொங்கி, ஒருவருக்கும் தெரியாமல் எப்படி இருக்கும் என்றுதானே கேட்கிறீர்கள்? எங்கள் ஆட்களைத் தெரியாதவர்கள் கேட்கிற கேள்வி அது. ஆறு வருஷத்துக்கு முன்பு திருவிழாவில் சாமி ஊர்வலம் முதலில் யார் லயத்துக்குத் திரும்புவது என்று மேல் டிவிஷனும் கீழ் டிவிஷனும் அடித்துக்கொண்டதிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை. ஒருவர் கோயிலை ஒருவர் எட்டிப் பார்ப்பதில்லை. பேக்டரி ஆட்களுக்கு இரண்டு பேருமே இளக்காரம். மூன்று இடத்துக்கும் போய்வருவது இரண்டே பேர்: கொழுந்து லோரியும் சித்தரும். நம் சண்டை அவருக்கு எவ்வளவு வசதி, பாருங்கள்.

புவனேஸ் அன்றைக்கு ஒரு பொய்யும் சொல்லவில்லை. மேல் டிவிஷன் கோயில் தலைவர் சாம்பசிவத்திடம் போய், கீழே சித்தர் சொல்வதை அப்படியே சொன்னாள்.

“டின் கட்டுனது கீழ் டிவிஷன்ல மட்டும்தானாம் அண்ணே. உங்களுது கணக்குலயே இல்லையாம்.”

சாம்பசிவத்துக்கு மீசை துடித்தது. “கீழ அவசரப்பட்டுப் பிரிச்சிட்டாங்க, நீங்க நாப்பத்தெட்டு நாள் மூடியே வைங்க, பலன் பூரா உங்களுக்குத்தான்னு எங்கிட்ட சொன்னாரே! நாளைக்கு டின்னோட வரேன். எவன் கணக்குல இல்லங்கிறான்னு பாத்துடலாம்.”

பேக்டரி லயத்துக் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் அம்மாக்கண்ணுவிடமும் அதே சேதி போனது. அம்மாக்கண்ணு டின்னை அப்போதே இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை தோட்டத்துக் குமாஸ்தா கிராணியிடம் அரை நாள் அனுமதி வாங்கிக்கொண்டு புவனேஸ் லோரியை எடுத்தாள். சாம்பசிவம் ஏறுகிற வண்டியில் தான் ஏற முடியாது என்று அம்மாக்கண்ணு சொல்லிவிட்டதால் இரண்டு நடை அடிக்க வேண்டியதாயிற்று. டீசலுக்கா பஞ்சம்! மேல் டிவிஷன் ஆட்கள் இருபது பேர் மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே வந்தார்கள். ஆறு வருஷத்துக்குப் பிறகு அவர்கள் கீழ் டிவிஷன் மண்ணை மிதித்தபோது மணி பத்தரை.

டின்களைப் பார்த்ததும் சித்தர் முகத்தில் சந்தனம் மட்டும்தான் மிச்சம் இருந்தது. ஆனாலும் கைதேர்ந்த தொழில்காரர். உடனே சுதாரித்துக்கொண்டு, நாள் முடியாமல் பிரித்தால் பிரித்தவர் கண் அவிந்துபோகும் என்று மிரட்டினார். கூட்டம் இரண்டடி பின்னால் போனது.

“பிரிக்க வேணாம் சாமி,” என்றாள் புவனேஸ். “எழுதிப் போட்டது நீங்கதானே. உள்ள என்ன பேருன்னு வாயால சொல்லுங்க, போதும்லா.”

சித்தர் சிரித்தார். “லொக்மான். இதுல என்ன சந்தேகம்?”

“ரெண்டுலயுமா?”

“ரெண்டுலயும்.”

“இம்புட்டு பேரு கேட்டுக்கிட்டீங்கள்ல?” என்று கூட்டத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, லோரி ஸ்குரூடிரைவரால் அவள் முதல் டின்னின் மூடியை நெம்பினாள். போனால் என் கண்தானே போகும் என்று முணுமுணுத்தாள். கண் இருந்த இடத்திலேயே இருந்தது. உள்ளே இருந்த சீட்டைச் சாம்பசிவத்திடமே கொடுத்து வாசிக்கச் சொன்னாள். அவர் கணீரென்று “டத்தோ கமாருல்” என்று வாசித்துவிட்டு, ஏன் வாசித்தோம் என்று விழித்தார். அம்மாக்கண்ணுவின் டின்னில் டத்தோ பஹாரோம் இருந்தார்.

இப்போது மேல் டிவிஷனுக்குக் கோபம் வர வேண்டுமே, வந்தது. ஏமாற்றிவிட்டார் என்றா? அதுதான் இல்லை. “கீழ் டிவிஷனுக்கு ஜெயிச்சவன் பேரு, எங்களுக்குத் தோத்தவன் பேரா?” என்று ஒருத்தர் பாய்ந்தார். இந்த மூளையை வைத்துக்கொண்டு நாம் ஒவ்வொரு தேர்தலிலும் ஓட்டு வேறு போடுகிறோம்.

சித்தருக்கு அது போதுமாக இருந்தது. கையை உயர்த்தினார். “தீட்டு. அந்த ரெண்டு கோயில்லயும் தீட்டு பட்டிருக்கு. தீட்டு பட்டா மூடி வச்ச காகிதத்துல எழுத்தே மாறிப்போவும்.”

கீழ் டிவிஷன் ஆட்கள் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். மேல் டிவிஷனில் தீட்டு இருக்கும் என்பது அவர்கள் எப்போதோ கண்டுபிடித்த விஷயம். முருகையாவும் தலையாட்டினார். புவனேஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பதினொன்று. இன்னும் ஒரு மணி நேரம்தான். ஒரு நிமிஷம் அந்தத் தகரப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மாமனார் பக்கம் திரும்பி, ரொம்ப மரியாதையாகப் பேசினாள்.

“மாமா, மூடி வச்ச காகிதத்துல எழுத்து மாறும்னு சாமியே சொல்லிட்டாரு. நம்ம லெட்டரு பத்து நாளா அந்தப் பெட்டியில மூடித்தான் கெடக்கு. இப்ப மேல் டிவிஷன்காரங்க வேற பக்கத்துல வந்து நின்னுட்டாங்க. அதுல இந்நேரம் யாரு பேரு இருக்கோ.”

எழுபது தலையும் தகரப் பெட்டிப் பக்கம் திரும்பின.

முருகையா மூட்டு வலிக்காரர். மூன்று மாதமாகக் குனிந்து செருப்புக்கூட மாட்டாதவர். அன்றைக்குக் குனிந்தார் பாருங்கள், நாற்காலி குடையோடு சாய்ந்தது. அவருக்குப் பின்னால் எழுபது பேரும் பாய்ந்தார்கள். பெட்டி வெளியே வந்தது. ஆளாளுக்குத் தன் காகிதத்தைப் பிடுங்கி, மூக்குக்கு நேரே வைத்து, பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் எழுத்துக் கூட்டிப் பார்த்தார்கள். சித்தர் “பூஜை, பூஜை” என்றார். அவரைக் கேட்க ஆள் இல்லை.

“என் பேருதான் இருக்கு,” என்றார் முருகையா. மூச்சு வாங்கியது. “எல்லாருக்கும் சரியா இருக்கா?”

இருந்தது. எழுபது பேருக்கும் ஒரு புள்ளிகூட நகரவில்லை. முருகையா கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். நிதானமாகக் கேட்டார்.

“அப்ப டின்ல மட்டும் எப்படி மாறிச்சு சாமி?”

பத்து நாளாக அந்த வாசலில் யாரும் கேட்காத கேள்வி அது. சித்தருக்கு மிச்சம் இருந்தது ஒரு கார்தான். அதை நோக்கி அவர் நடந்த நடையில் யோகமும் இல்லை, ராஜாவும் இல்லை. காரின் ஒரு கதவில் சாம்பசிவம் நின்றார், இன்னொரு கதவில் கீழ் டிவிஷன் ஆட்கள் நின்றார்கள். காணிக்கை திரும்பி வரும்வரை இரண்டு கதவும் திறக்கவில்லை. ஆறு வருஷமாக எந்தச் சாமியாலும் சேர்த்துவைக்க முடியாத இரண்டு டிவிஷனையும் கடைசியில் இந்தச் சாமிதான் சேர்த்துவைத்தார். அந்தப் புண்ணியம் மட்டும் அவருக்குப் போகட்டும்.

ஆனாலும் கூட்டத்தில் ஒருவர், மூன்றில் ஒன்று சரியாகத்தானே சொன்னார் என்று இழுத்தார்.

“அடுத்த எலெக்‌ஷனுக்கு நானும் மூணு டின் கட்டுறேன்,” என்றாள் அம்மாக்கண்ணு. “எனக்கும் ஒரு குடை புடிங்க.”

புவனேஸ் எல்லாருடைய காகிதங்களையும் ஒரு கொழுந்துப் பையில் போட்டு முன் சீட்டில் மாமனார் மடியில் வைத்து, தானா ராத்தாவுக்கு லோரியை விரட்டினாள். பதினொன்று ஐம்பதுக்குச் சன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் ஒவ்வொன்றாக முத்திரை குத்திக் கொடுத்தாள். விளக்கு கேட்கவில்லை. தேதியும் தள்ளிப்போகவில்லை, பன்னிரண்டுக்குச் சன்னல் மூடிவிட்டது. முருகையா முத்திரை ஈரத்தை ஊதி ஊதிப் பார்த்துக்கொண்டே வந்தார். லயத்துக்கு வந்து இறங்கும்போது, “நீ இல்லன்னா போயிருக்கும்மா,” என்றார்.

சாயங்காலம் கோயில் வாசலில் அந்தச் சிவப்பு நாற்காலி மட்டும் மாலையும் கழுத்துமாகக் கிடந்தது. முருகையா அதை நிமிர்த்தி, மாலையைக் கழற்றி, சந்தனத்தைத் துண்டால் துடைத்துவிட்டு உட்கார்ந்து காலை நீட்டினார்.

“மாமா, அது மந்திரி பெசார் நாற்காலி,” என்றாள் புவனேஸ்.

“அவர உக்கார வச்சதே நம்ம ஓட்டுதானே,” என்றார் அவர். “மனைய எப்ப குடுப்பாருன்னு அடுத்த மாசம் நேர்ல போய்க் கேக்கணும். லோரி வருமா?”

வரும். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனிடம் வாயைத் திறந்து கேட்டால் நாளைக்கே பதில் வந்துவிடாதுதான். ஆனால் கேட்காமல் நாற்காலிக்கு மாலை போட்டால், நாற்பத்தெட்டு நாள் என்ன, நானூற்று எண்பது நாள் ஆனாலும் ஆறப்போவது நாற்காலி இல்லை, நம் அடுப்புதான்.