பன்னிரண்டு வாளியும் பவுண்டுக்குப் பவுண்டும்

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்குவதில்லை. தூக்கினால் என் பெயர் லக்ஷ்மிநாராயணன் இல்லை. நாங்கள் குடியிருக்கும் வங்காளிப் பேட்டையான பாலிகஞ்சில் ஏற்கெனவே அது இல்லைதான். எதிர் ஃப்ளாட் சௌதுரி தாதாவுக்கு நான் ‘லொக்கி பாபு’. வங்காளியில் லொக்கி என்றால் சமர்த்துப் பிள்ளையாம். என் மனைவி ஷியாமளா மட்டும் மரியாதையாக ‘பௌதி’, அதாவது அண்ணி; தாதா என்றால் இங்கே அண்ணா.

கட்டட மோட்டார் படுத்து மூன்று நாள். எங்களுக்கு மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. கீழே அடிபம்பிலிருந்து தினம் பன்னிரண்டு வாளி. பத்து மணிக்கோ கிளப்பில் விவாதம்: நூற்றாண்டின் தலைசிறந்த குத்துச்சண்டை வீரர் யார்? 1999 முடிவதற்குள் தெரிந்தாக வேண்டுமாம். தாதா முகமது அலி கட்சி. நான் சுகர் ரே ராபின்சன் கட்சி. மூன்று வாரமாக ஆபீஸ் வேலையை விட்டுக் குறிப்பெடுத்திருக்கிறேன். பேசாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

“ஷியாமு, பவுண்டுக்குப் பவுண்டுன்னா என்ன தெரியுமோ?”

“பவுனுக்குப் பவுனா? யார் போடறா?”

“பவுன் இல்லைடி, பவுண்டு! எடை. அலி இருநூறு சொச்சம். ராபின்சன் நூத்தம்பது சொச்சம். ரெண்டு பேரும் ஒரே எடைன்னு வெச்சுண்டு பாக்கணும். அப்போ சின்ன ஆள்தான் பெரிய ஆள்.”

“சரி.”

“அதன்படி இந்தாத்துப் பயில்வான் நீதான்.” வாளியை நைசாக அவள் பக்கம் தள்ளினேன்.

அவள் வாளியைப் பார்த்தாள். என் தொப்பையைப் பார்த்தாள்.

“ஏன்னா, நீங்க எத்தனை கிலோ?”

“தொண்ணூறு.”

“நான் நாப்பத்தஞ்சு. எடைக்கு எடைன்னா, நான் ஒண்ணு தூக்கினா நீங்க ரெண்டு தூக்கணும். எனக்கு நாலு, உங்களுக்கு எட்டு.”

தூக்கிவாரிப் போட்டது. உடனே கட்சி மாறினேன்.

“எடைக்கு எடையெல்லாம் பேத்தல்டி! ஹெவிவெயிட் ஹெவிவெயிட்தான். அலி முன்னாடி ராபின்சன் நிப்பானா? ஒரே குத்து!”

“அப்போ நிஜ பலசாலி நீங்கதான். பன்னெண்டையும் நீங்களே தூக்குங்கோ.”

மறுபடி ராபின்சனிடம் ஓடி, எட்டு வாளியோடு தப்பித்தேன்.

நான் ஐந்தாவது வாளியோடு இரண்டாம் மாடியில் மூச்சு வாங்கியபோது, அவள் நாலையும் முடித்துப் புதுப் புடவையில் இறங்கி வந்தாள். கையில் என் குறிப்பு நோட்டு.

“எங்கேடி?”

“கிளப்புக்கு. நீங்கதான் வேலையா இருக்கேளே, பாவம்.”

போகட்டும். குத்துச்சண்டையைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும்? சிரிப்பாய்ச் சிரிக்கப் போகிறார்கள். அந்தச் சந்தோஷத்தில் மூன்று வாளி பஞ்சாய்ப் பறந்தது.

ஆனால் பம்படி வரிசையில் காத்துக் காத்து, எட்டாவதை வாசலில் இறக்கும்போது விவாதமே முடிந்து தாதா மாடியேறி வந்தார்.

“தாருண், லொக்கி பாபு, பிரமாதம்! முதல்ல ராபின்சனுக்காகப் பேசினாங்க. கூட்டமே கை தட்டிச்சு. அப்புறம் அலிக்காகப் பேசினாங்க. அதுக்கும் கை தட்டிச்சு!”

“அட, கடைசியில யார்தான் ஜெயிச்சது? அலியா, ராபின்சனா?”

“பௌதி.”