எம்.சி. தறியும் கரி பூசிய எதிரியும்

இனிமேல் இந்த வீட்டில் வாயில் கொழுக்கட்டை வைத்துக்கொண்டு பாடுகிற எவன் குரலும் கேட்கக்கூடாது என்று போன சித்திரையில் ஒரு முடிவு எடுத்தேன். எடுத்தால் எடுத்ததுதான். ஆந்திர எல்லையில் இருக்கிற நகரியில் என் பவர்லூம் ஷெட் பக்கம் வந்து கேட்டுப் பாருங்கள். தணிகைவேல் முடிவு எடுத்தால் மாற்றமாட்டான் என்பார்கள். என் மனைவி மாற்றுவாள், அது வேறு விஷயம்.

நான் சாதாரண ஆள் இல்லை. தொண்ணூறுகளின் கடைசியில் சென்னையில் பாலிடெக்னிக் படித்தபோது, ஹாஸ்டலே சினிமாப் பாட்டில் மயங்கிக் கிடக்க, நான் ஒருவன்தான் அமெரிக்க ராப் கேசட்டைத் தேயத் தேயக் கேட்டவன். ஒவ்வொரு சொல்லும் ஆணி அடித்த மாதிரி விழும். ஊருக்கு வந்து தறி ஓடுகிற சத்தத்துக்கே ராப் கட்டினேன். மேடைப் பெயர் எம்.சி. தறி. மேடைதான் கடைசிவரை கிடைக்கவில்லை.

என் மகள் ரேஷ்மா திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கி இன்ஜினியரிங் படிக்கிறாள். லீவுக்கு வந்தால் என் ஸ்பீக்கரில் அவளுடைய ஆட்களைப் போடுவாள்.

“இன்னாம்மா இது? பல் டாக்டர்கிட்ட ஊசி போட்டுக்கினு நேரா வந்து பாடறானா?”

“நைனா, அது வைப். புரிஞ்சுக்கக் கூடாது, ஃபீல் பண்ணணும்.”

“ஒரு சொல்லாவது புரியுதா?”

“உனக்கு மட்டும் அந்தக் காலத்து இங்கிலீஷ் ராப் புரிஞ்சுதா?”

நான் ஸ்பீக்கரை நிறுத்தினேன். பெரிய மனிதர்கள் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

“முன்ரூம எனக்குக் குடுத்துடு நைனா. உன் கேசட்டை எல்லாம் பரண்ல ஏத்திட்டு நான் ஸ்டூடியோ வெச்சுக்கறேன்.”

முன்ரூமா! என் கேசட்டுகளும் ஆளுயர ஸ்பீக்கர்களும் குடியிருக்கிற இடம் அது. அந்த வீட்டில் என் பேச்சு எடுபடுகிற ஒரே ரூம் அதுதான், அங்கே வேறு யாரும் வருவதில்லை என்பதால்.

“போட்டி வெச்சுக்கலாம்,” என்றேன். “கங்கம்மா ஜாத்திரைக்குத் திருப்பதி போறோமில்ல, உன் மாமன் தெருவுலயே. ஜெயிச்சவங்களுக்கு ரூம்.”

“ஓகே. ஜனம் யாருக்கு ஜாஸ்தி கைதட்டுதோ அவங்க ஜெயிச்சாங்க. ஆனா என் சைடுல வேற ஒருத்தர் பாடுவாங்க. யாருன்னு இப்ப சொல்லமாட்டேன்.”

“எவன வேணா கூட்டிக்கினு வா!”

ஒரே ஒரு சிக்கல். ராப் போட்டி என்றால் எதிராளியைத் திட்ட வேண்டும். நானோ சமுதாயம், விழிப்புணர்ச்சி என்று எழுதுகிறவன். திட்டு வராது. பரவாயில்லை, வீட்டிலேயே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறதே! என் மனைவி பிரமிளா, திருப்பதிப் பெண்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கங்கம்மா ஜாத்திரையில் ஜனங்கள் வேஷம் கட்டுவார்கள். மூஞ்சியில் கரி பூசி, வேப்பிலை கட்டிக்கொண்டு, எதிரில் வருகிறவரை வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். அது அம்மனுக்கு நேர்த்திக்கடன். திட்டு வாங்கினவர் கோபப்படக்கூடாது. பிரமிளா பாவாடை கட்டின வயசிலிருந்து வேஷம் போட்டவள்.

“யாருக்கும் தெரியாம எனக்குத் திட்டக் கத்துக்குடு,” என்றேன்.

“நான் திட்டினா நீ தாங்குவியா?”

“கலைதானே! திட்டு.”

திட்டினாள். அம்மம்மா! என் தொப்பையில் ஆரம்பித்தாள், என் அக்காவைத் தொட்டாள், எங்கள் கல்யாணப் பந்தியில் போட்ட வடை வரைக்கும் போய்விட்டாள். ஆனால் எனக்குள் இருந்த ராப் வாத்தியார் சும்மா இருப்பானா?

“நல்லாத்தான் திட்டற. ஆனா தாளத்துல வர்ல. மூச்சை அடக்கிக்கோ. எதுகை போடு. ஒவ்வொரு எழுத்தும் தெளிவா உழணும்!”

“இப்படியா?”

“இன்னும் அழுத்தி! எதிராளி மூஞ்சில அறையற மாதிரி!”

ஜாத்திரை வரைக்கும் தினமும் பயிற்சி நடந்தது. நான் எவ்வளவு கற்றுக்கொண்டேன் என்று தெரியாது. பிரமிளாவிடம் நல்ல முன்னேற்றம் இருந்தது.

ஜாத்திரை அன்று சாயங்காலம் என் மச்சான் ரமணா வாசலில் மைக்செட் கட்டினான். தெருவே கூடிவிட்டது. பிரமிளா மட்டும் இல்லை. பொங்கல் வைக்கக் கோயிலுக்குப் போகிறேன் என்று முன்னாடியே கிளம்பிவிட்டாள். புருஷன் வெற்றியைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று வருத்தமாக இருந்தது.

முதலில் நான். ‘விழித்தெழு சமுதாயமே’ என்று ஆரம்பித்தேன். சமுதாயம் சுண்டல் தின்றுகொண்டிருந்தது. நடுவில் மூச்சு வாங்கியது, விடவில்லை. இருமினேன், அதையும் தாளத்தில் இருமினேன். மரியாதையாகக் கைதட்டினார்கள்.

அடுத்தது ரேஷ்மாவின் ஆள். மூஞ்சியெல்லாம் கரி. தலையிலிருந்து இடுப்பு வரை வேப்பிலை. ஆணா பெண்ணா தெரியவில்லை. ரேஷ்மா லேப்டாப்பில் எதையோ திருகினாள். மைக்கிலிருந்து எந்திரக் குரல் வந்தது. கொழுக்கட்டைப் பார்ட்டி என்று நினைத்தேன். இல்லை! ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக வந்தது.

“ஈரத் துண்டு கட்டில் மேல, ஏன்னு கேட்டா கோவம் மேல!
ஊரைத் திருத்தப் பாட்டு எழுதுவாரு, ஊட்டுக் குழாய் ஒழுகும் கீழ!”

தெரு சிரித்தது. நானும் சிரித்தேன். இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா!

“கொழம்புல உப்பு இல்லன்னு கொறை சொல்லுவாரு,
சட்டியக் கழுவி வெச்சாப்ல வழிச்சித் துன்னுவாரு!”

“மச்சான், இதான்டா ராப்!” என்று ரமணாவின் முதுகில் அடித்தேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

“கல்யாணத்துல தெச்ச பேன்ட்டு இன்னும் சரியா கீதாம்!
மூச்சை உட்டா பட்டன் பறந்து பக்கத்து ஊட்ல விழுதாம்!”

எனக்குத் தாங்கவில்லை. ஸ்டூல் மேல் ஏறி நின்று கத்தினேன். “நான் தோத்துட்டேன்! ரூம் உங்களுக்குத்தான்! பாடு ராஜா, பாடு!” சிரித்த சிரிப்பில் என் பேன்ட் பட்டன் தெறித்தது. அப்போதுதான் லேசாகச் சந்தேகம் வந்தது. அதற்குள் கடைசி அடி விழுந்துவிட்டது.

“நாலு ஊட்டுக் கதைதான்னு நினைக்காதீங்க ஜனமே,
நகரி தறிக்காரரு தணிகைவேலு என் புருஷனே!”

தெரு இடிந்துபோகிற மாதிரி கைதட்டல். கரி மூஞ்சி ஸ்டூல் கிட்டே வந்து வேப்பிலையை என் கன்னத்தில் உரசியது.

“கோவமாய்யா?”

சுற்றிலும் ஜனம். எதிரில் வேஷம். கோபப்பட்டால் அம்மன் குத்தம். கோபம் வந்தது, சத்தியமாக வந்தது. “சேச்சே, இல்ல பிரமிளா,” என்று பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

முன்ரூம் இப்போது ஸ்டூடியோ. அந்தப் பாட்டை ரேஷ்மா போனில் ஏற்றி ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டாள், சத்தியவேடு பஸ்ஸில் கூடப் போடுகிறார்களாம். ஆனால் நான் விடுவேனா? மறுபடி ஒரு முடிவு எடுத்தேன். திட்டுவதற்கு ஒன்றுமே இல்லாத புருஷனாக மாறிவிட்டால் அடுத்த பாட்டுக்கு அவள் எங்கே போவாள்? ஸ்டூடியோ காற்று வாங்கும், பரணிலிருந்து என் கேசட் திரும்ப இறங்கும். அன்றிலிருந்து தட்டை நானே கழுவினேன். சாப்பாட்டைப் புகழ்ந்தேன். அவள் தம்பியையே புகழ்ந்தேன், அதற்கு எவ்வளவு மனஉறுதி வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

நேற்று பிரமிளா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“நீ மாறிட்டய்யா.”

“பாத்தியா? இனிமே உனக்குப் பாட்டே கெடையாது.”

“‘பொண்டாட்டிக்குப் பயந்த பூனை’ன்னு அடுத்த பாட்டு எழுதியாச்சு. இன்னிக்கு ரெகார்டிங். நான் ஒவ்வொரு அடி முடிக்கும்போதும் நீ பின்னாடி நின்னு ‘ஆமா’ன்னு சொல்லணும். செரியா?”

“ஆமா,” என்றேன்.