பதினொரு பொட்டு வைத்த கார்

பயந்த சுபாவம் உள்ளவர்களால் வீட்டுக்குப் பெரிய சேதம் எதுவும் வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் இருக்கிறேன்.

வட்டவளையில் மழை ஓயும் நாட்களை விரல்விட்டு எண்ணலாம். எங்கள் தகரக் கூரை, சரியாக என் மூன்று வயது மகளின் கட்டிலுக்கு மேலே ஒழுகியது. பிள்ளைக்குச் சளி பிடிக்கும், அது நெஞ்சுக்குள் இறங்கும், பிறகு... (மிச்சத்தையும் அன்று காலையிலேயே யோசித்து முடித்திருந்தேன்.) கணவர் பாடசாலையிலிருந்து வரும்வரை பொறுக்க முடியாமல், ஆணி ஓட்டைகளை அடைக்கச் சிவப்புக் கூரைப் பெயின்ட் வாளியோடு ஏணியில் ஏறினேன்.

கீழே அண்ணனின் வெள்ளைக் கார். மறுநாள் நுவரெலியாவுக்குப் பெண் பார்க்கப் போக வந்திருந்தார். கார் சேறாகிவிடும் என்று முடி வெட்டக்கூட பஸ்ஸில்தான் போயிருந்தார். கொய்யா மரத்தடியில் நிறுத்தியவரை, "கொப்பு முறிஞ்சு விழுந்துரும்ணே, சுவரோரமா விடுங்க" என்று நச்சரித்தவள் சாட்சாத் நானேதான்.

கொப்பு விழவில்லை. வாளி விழுந்தது.

அப்போதே உட்கார்ந்து அழுதிருந்தால் சேதம் அத்தோடு நின்றிருக்கும். ஆனால் நான் சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானத்துக்கு 'ஏ' எடுத்தவள் ஆயிற்றே! தின்னர் போட்டுத் துடைத்தேன். சிவப்போடு வெள்ளையும் சேர்ந்து வந்தது. மிச்சத்தைப் பாத்திரம் தேய்க்கும் கம்பியால் மெதுவாகத் தேய்த்தேன். (மெதுவாகத்தான்!) கீறல் விழுந்தது. கீறலுக்கு டூத்பேஸ்ட் நல்லது என்று யூடியூப்பில் ஒரு மகான் சொன்னார். கார் புதினா மணம் வீசியது. வேறு முன்னேற்றம் இல்லை.

கடைசியில்தான் சாமி நினைவு வந்தது. பூசை போட்ட வண்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்போம் அல்லவா? எத்தனை காயமோ அத்தனை பொட்டு. மொத்தம் பதினொன்று.

திரும்பி வந்த அண்ணன் காரைச் சுற்றிப் பார்த்தார்.

"என்னா தங்கச்சி, காருக்கு அம்மை போட்டிருச்சா?"

"கண்ணு பட்டுறக் கூடாதுல்லண்ணே. தொட்றாதீங்க, தெய்வக் குத்தமாயிரும்."

பாவம், நம்பிவிட்டார்.

மறுநாள் ஹட்டனைத் தாண்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பக்கக் கண்ணாடியில் பொட்டுகள் ஒவ்வொன்றாக வழிந்து போவதை நான் மட்டும் பார்த்துக்கொண்டே போனேன். குடையோடு வரவேற்க வந்த பெண்ணின் அப்பா, கார்க் கதவைப் பார்த்தபடியே எங்களை உள்ளே அழைத்துப் போனார்.

உட்கார்ந்ததும் அவர் தொண்டையைச் செருமினார். "தப்பா நினைக்காதீங்க தம்பி. வண்டி எங்கயோ பலமா அடிபட்டிருக்கு. தண்ணி கிண்ணி போட்டுட்டு ஓட்டுவீங்களோ?"

வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாத அண்ணன் ஜன்னல் வழியே தன் காரை எட்டிப் பார்த்தார். ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் தட்டிப்போனவர். மூன்றாவது என் கண்ணெதிரிலேயே எழுந்து போகப் பார்த்தது.

"அண்ணன் இல்லீங்க, நான்தாங்க!" என்று எழுந்து நின்றேன். ஏணி, வாளி, தின்னர், கம்பி, டூத்பேஸ்ட், சந்தனம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்புக்கொண்டேன்.

"டூத்பேஸ்டுமா?" என்று திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. அடுத்து, அடக்க முடியாத சிரிப்பு.

சிரித்தவர்தான் இப்போது என் அண்ணி. காருக்கும் புதுப் பெயின்ட் அடித்தாயிற்று. ஆனாலும் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அண்ணி மட்டும் ரோட்டிலேயே இறங்கி, கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்ப்பார். பிறகுதான் அண்ணனுக்குக் கைகாட்டுவார்.

"நாத்தனா தரையிலதான் நிக்கிறாங்க. நீங்க வண்டிய உள்ள கொண்டாங்க!"